சலூன் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறான், என்ன செய்யலாம்?

கேள்வி, 14.06.2024

பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். மாதாமாதம் முடிவெட்டுவது போர்க்களமாக இருக்கிறது. நான் கையைப் பிடிக்க, அவன் அப்பா தலையைப் பிடிக்க, கடைக்காரர் அரக்கப்பரக்க வெட்டி முடிப்பார். போன வாரம் காதோரம் கீறிவிட்டது. இப்போது சலூன் இருக்கிற தெருவுக்கே வர மாட்டேன் என்கிறான். தூங்கும்போது வெட்டலாம் என்றால் விழித்துக்கொள்கிறான். "நாலு அடி போட்டு உட்கார வை, தானாகப் பழகும்" என்கிறார் மாமனார். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 14.06.2024, இரவு

அடித்தால் பழகாது. சலூன் பயத்தோடு தாத்தா பயமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் பையனுக்கு ஒன்பது வயது. கும்பகோணம். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அமுக்கியவர்கள்தான். அன்றாட வேலைகளைப் பழக்கும் எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்ட ஒரே கேள்வி: "அவனுக்கு எது பிடிக்கவில்லை?" முடிவெட்டுவது என்றோம். "அது இல்லை, அதில் எது?" என்றார்.

உட்கார்ந்து யோசித்தால் பட்டியல் நீள்கிறது. கழுத்தை இறுக்கும் துணி. சொல்லாமல் கொள்ளாமல் முகத்தில் அடிக்கும் தண்ணீர். காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல். மண்டையோடு அதிரும் டிரிம்மர். சட்டைக்குள் இறங்கி அரிக்கும் துணுக்கு முடி. மேலே டிவியில் பாட்டு. பவுடர் வாசனை. எதிர்க் கண்ணாடியில் காத்திருக்கும் ஆட்கள். இத்தனையும் ஒரே நேரத்தில், கையையும் தலையையும் யாரோ பிடித்திருக்க.

இதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு நாள் துணியை மட்டும் கட்டிப் பாருங்கள். இன்னொரு நாள் கத்தரிக்கோலைச் சும்மா காதருகே ஆட்டுங்கள், வெட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் வில்லன்கள் துணியும் டிரிம்மரும். கத்தரிக்கோல் சத்தத்துக்கு அவன் சிரித்தான்.

அப்புறம் கடை. சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை. தெருமுனைக் கடைக்கார அண்ணனிடம் பேசி, அந்தக் கிழமையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தோம். டிவி இல்லை, கூட்டம் இல்லை. முதல் சில செவ்வாய்களில் முடியே வெட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவான், இறங்குவான், வந்துவிடுவோம். கூலி கொடுத்தால் அண்ணன் வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தார்.

15.06.2024

விட்டுப்போனது. ஒரே நாளில் முழுத் தலையையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பின்பக்கம் ஒரு செவ்வாய், பக்கவாட்டு அடுத்த செவ்வாய். இடையில் ஒரு வாரம் பாதித் தலையோடு திரிந்தான். "என்ன சார், பையன் புது ஸ்டைலா?" என்றார் பால்காரர். ஆமாம் என்றேன். சங்கடமெல்லாம் எனக்கும் மனைவிக்கும்தான், அவன் கண்ணாடியே பார்ப்பதில்லை.

தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவி வெட்டினால் துணுக்குகள் பறக்காது. அண்ணனுக்குச் சீப்பு வழுக்கும், பொறுத்துக்கொள்வார்.

18.06.2024

"நீங்கள் இப்படி அவன் இஷ்டத்துக்கு ஆடினால், நாளைக்கு உலகம் ஆடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், கேட்ட தொனியை விட்டுவிடுவோம்.

உலகம் ஆடாது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் தொல்லையை எடுத்துவிட்டு வேலையைப் பழக்கு, பிறகு தொல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவா. துணியே இல்லாமல் வெட்டப் பழகிய பிறகு தோளில் ஒரு கைக்குட்டை போட்டோம். அப்புறம் துண்டு. இப்போது கடைத் துணியே போடுகிறார்கள், முடிச்சுப் போடாமல் பின்னால் கிளிப் மாட்டி. டிரிம்மர் மட்டும் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். என் தாத்தா தலையில் ஆயுள் முழுக்கக் கத்தரிக்கோல்தான் பட்டது.

23.06.2024

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு மிக்ஸி கதை.

மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவான். ஆனால் எங்கள் தெருவிலுள்ள மாவு மில்லின் பின்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றால் அசைய மாட்டான். மிளகாய் அரைக்கிற நாளில் கண்ணில் நீர் வழிய நின்றிருக்கிறான். மிக்ஸியைவிட மில் எத்தனை மடங்கு சத்தம்! "நடிக்கிறான்" என்றார் என் அண்ணி.

நடிப்பில்லை. மில் காலையில் ஆரம்பித்தால் ஒரே சீராக ஓடும், ஒரே சுருதி. மிக்ஸி திடீரென்று அலறும், நிற்கும், மறுபடி அலறும், எப்போது என்று தெரியாது. அவனுக்கு அளவு பிரச்சினையில்லை, எதிர்பாராமல் வருவதுதான் பிரச்சினை. இது புரிந்த பிறகு என் மனைவி மிக்ஸி போடுமுன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்கச் சொல்வார். இப்போது மூன்றாவது எண்ணை அவன் சொல்ல வேண்டும், சொன்னால்தான் சட்னி. சில நாள் சொல்லாமல் வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுகிறான். ஆபீசுக்கு நேரமாகிவிடும்.

குக்கர் விசில் இன்னும் தீராத வழக்கு. விசிலுக்கு எண்ணிக்கை சொல்ல முடியாதே. சோறு வடிக்கிறோம்.

27.06.2024

சாப்பாடு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் ஒன்று மட்டும். அவன் சாப்பிடும் பிஸ்கட்டின் உறையை ஒரு நாள் கம்பெனி மாற்றியது. உள்ளே அதே பிஸ்கட். தொடவில்லை. பழைய உறை ஒன்று அலமாரிக்கு அடியில் கிடைத்தது, அதைத் துடைத்துப் புது பிஸ்கட்டை அதில் போட்டுக் கொடுக்கிறோம். உறை கிழிந்து செலோடேப் மேல் செலோடேப். யாரிடமாவது பழைய உறை இருந்தால் சொல்லுங்கள், கேலியாகக் கேட்கவில்லை.

30.06.2024

போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் என்று அடித்துச் சொல்லும் நண்பருக்கு. மனநல மருத்துவர் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 1943இல். அந்தப் பிள்ளைகள் எந்த யூடியூப் பார்த்தார்கள்? அளவுக்கு மீறிய திரை எந்தப் பிள்ளைக்கும் தூக்கத்தையும் பேச்சையும் கெடுக்கும், அதைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்துப் பெற்றவள் மேல் பழி போடாதீர்கள். அந்தக் காலத்தில் பாசமில்லாத தாய்தான் காரணம் என்று டாக்டர்களே சொன்னார்கள். தாய் மாறவில்லை, குற்றச்சாட்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

தடுப்பூசியால்தான் ஆட்டிசம் என்ற கதைக்கும் இதுவே பதில். 1998இல் அதைக் கிளப்பிய டாக்டர் வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஊசி போடுங்கள்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பற்றித் தனிமடலில் மூன்று பேர். லட்சக்கணக்கில் கேட்கிறார்களாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலைதான். ஆராய்ச்சிக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

09.07.2024

பள்ளிக்கூடம். இதை எழுத உட்கார்ந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது, சுருக்கமாக.

போனில் கேட்டபோது இடம் இருந்த தனியார் பள்ளிகளில், பையனை நேரில் பார்த்ததும் இடம் தீர்ந்துபோனது. ஒரு பள்ளி மட்டும் சேர்த்துக்கொண்டு, கூடவே உட்கார ஒரு ஷேடோ டீச்சரை நாங்களே சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றது. அது என் சம்பளத்தில் பாதி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்றும் இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோனேன். "சட்டம் தெரிந்த பெற்றோர்" என்று என்னைப் பார்த்த பார்வையில் அங்கே சேர்க்கும் ஆசையே போய்விட்டது.

கடைசியில் சேர்த்தது தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அரசு தொடக்கப்பள்ளி. கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை வருகிறார், தினமும் அல்ல. எங்களுக்கு வாய்த்தது தலைமையாசிரியை. அங்கே மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. முதல் நாள் அது அடித்ததும் பையன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். அவர் அவனை வெளியே இழுக்கவில்லை. மறுநாள் இடைவேளைக்குச் சற்று முன் கூப்பிட்டு இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்து, "நீ அடி" என்றார். அன்றிலிருந்து மணி அவன் வேலை. சத்தத்தை அவனே கிளப்பினால் பயமில்லை. மூன்றாம் வகுப்புப் பாடம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்காதீர்கள், கூட்டல் வருகிறது, கழித்தல் வரவில்லை.

21.07.2024

வருமான வரி ரிட்டர்ன் போடும் சமயம் என்பதால். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், குறைபாடுள்ள பிள்ளையை வளர்ப்பவர் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை ரூ. 75,000. குறைபாடு 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் ரூ. 1,25,000. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது கணக்கில்லை, தொகை நிலையானது. ஆட்டிசம், பெருமூளை வாதம், பன்முகக் குறைபாடு என்றால் படிவம் 10-ஐஏவில் டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய வரி முறையில் மட்டும்தான் இது உண்டு. இப்போது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள், கவனம்.

இது வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களுக்கு. இல்லாதவர்கள் நிராமயா காப்பீட்டையாவது விடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் திட்டம், ஆண்டுக்கு 1 லட்சம் வரை. வயது வரம்பில்லை, முன்பரிசோதனை இல்லை, தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் நாம் கட்டி, பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். பில் கொடுக்காத தெரபி சென்டரில் முதல் நாளே பில் கேட்டுவிடுங்கள்.

22.07.2024

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போகும்போது என்ன கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை.

அந்த அறையில் ஒரு விசித்திரம். வருடம் முழுக்க நாம் பிள்ளை என்னென்ன கற்றுக்கொண்டான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறோம். அன்று ஒரு நாள் மட்டும் என்னென்ன முடியவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், அதுவும் அவனை மடியில் வைத்துக்கொண்டு. என் மனைவி பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொன்னேன். பையனோ, வீட்டில் பத்து தடவை சொல்லிக்கொடுத்தும் வராத வணக்கத்தை அங்கே டாக்டருக்கு வைத்தான். அவரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் நடப்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லும்போது பெற்றவர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள்.

13.08.2024

முடிவெட்டுக்குத் திரும்புகிறேன், ஒரு புதுச் செய்தி.

அம்மாவுக்குச் சுவாமிமலையில் பேரனுக்கு மொட்டை போடும் வேண்டுதல். நான் வாதாடவில்லை, வாதாடினால் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்துவிடும். தகராறு நிச்சயம் என்று நினைத்துக் காது மூடி, மாற்றுச் சட்டை, பழைய பிஸ்கட் உறை சகிதம் கிளம்பினோம்.

சத்தமில்லாமல் உட்கார்ந்தான். அப்புறம் யோசித்தால் விளங்குகிறது. சவரக்கத்திக்கு அதிர்வில்லை. மொட்டை போடுபவர் தலையை உறுதியாக, ஒரே அழுத்தத்தில் பிடிக்கிறார், தடவித் தடவிப் பிடிப்பதில்லை. தண்ணீரும் உச்சியில் ஒரே முறை, முகத்தில் தெளிப்பது இல்லை. பட்டும் படாமலும் தொட்டால்தான் அவனுக்குக் கூசும், அழுத்தித் தொட்டால் அமைதி. இது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எப்போதோ சொன்னதுதான்.

தகராறு வேறிடத்தில் வந்தது. அங்கே அறுபது படி, படிக்கு ஒன்றாகத் தமிழ் வருடப் பெயர். பிரபவ, விபவ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே ஏறினான். ஒரு படியில் பெயர் மேலேயே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நகரச் சொன்னேன், காலை மட்டும் ஒதுக்கினார். இவன் தரையில் உருண்டு அலற, கூட்டம் கூடி, "பேய் பிடிச்சிருக்கா?" என்று ஒருவர் என்னிடமே விசாரித்து, கடைசியில் அந்த அம்மாள் பதறி எழுந்தார். பெயரைத் தொட்டான், எழுந்தான், அடுத்த படிக்குப் போய்விட்டான். எனக்குக் கால் நடுக்கம் நிற்க அரை மணி ஆனது.

இதனால் எல்லாரும் மொட்டை போடுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரிம்மர் பிடித்து மற்றதெல்லாம் பிடிக்காத பிள்ளையும் உண்டு.

15.09.2024

இவ்வளவு எழுதியதில் என் மகள் ஒரு வரி கூட வரவில்லை என்று இன்று படித்தபோதுதான் பட்டது. பன்னிரண்டு வயது, அவனுக்கு மூத்தவள். சாப்பாட்டு மேசையில் போன மாதம் சொன்னாள்: "அவன் கத்துனா எல்லாரும் ஓடி வர்றீங்க. நான் கத்துனா நீயுமா ஆரம்பிச்சுட்டேன்னு கேக்குறீங்க."

பதில் சொல்ல முடியவில்லை, சரியாகத்தான் சொல்கிறாள். அவள் பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்களில் ஒருவர்தான் எப்போதும் போவோம், அதுவும் பாதியில் கிளம்புவோம். இப்போது சனிக்கிழமை மாலை அவளும் அம்மாவும் மட்டும் வெளியே போகிறார்கள், மகாமகக் குளத்தங்கரை, துணிக்கடை, ஏதோ ஒன்று. அவனைப் பற்றிப் பேசக் கூடாது என்பது மகள் போட்ட நிபந்தனை. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மேலே ஜூன் 18இல் "முதலில் தொல்லையை எடு" என்று எழுதினேன். அந்த யோசனைக்கு ஒரு விலை உண்டு, அதை வீட்டில் வேறு யாரோ கொடுக்கிறார்கள். குக்கர் இல்லாத சமையலை என் மனைவி செய்கிறார். டிவி சத்தமில்லாத ஹாலில் மகள் இருக்கிறாள். யோசனை தப்பு என்று சொல்லவில்லை, யாருக்கு எவ்வளவு என்று அவ்வப்போது கணக்குப் பார்க்க வேண்டும்.

27.10.2024

தீபாவளி வருகிறது, ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசு வெடிக்க இந்த வருடம் அரசு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாங்கள் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவோம். மயிலாடுதுறை வரை, திரும்பி வர. பண்டிகை ராத்திரியில் பாசஞ்சரில் ஈ காக்கை இருக்காது. தண்டவாளத் தடதடப்பு ஒரே சீர், அதற்குள் தூரத்து வெடி எடுபடாது. மில் சுவர் ரகசியம்தான் இதுவும். மகள் இந்த முறை பெரியப்பா வீட்டில் வெடி வெடிக்கிறாள், நாங்கள் மூவர் மட்டும்.

02.11.2024

ரயில் நன்றாகப் போனது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஆயிரம் வாலா. அன்று இரவு யாரும் தூங்கவில்லை. அடுத்த வருடம் கடைசி வண்டியில் திரும்ப வேண்டும், அவ்வளவே.

24.11.2024

"நமக்குப் பிறகு?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். உருக்கத்தை விட்டு, காகிதத்தை மட்டும் சொல்கிறேன். கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதுபவன், எனக்கு அதுதான் வரும்.

பிள்ளைக்கு 18 முடிந்ததும் நாம் தானாகவே காப்பாளர் இல்லை. பலருக்கு இது பாங்கில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. இதற்கு வழி சொல்வது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, கலெக்டர், ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. அங்கே விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். பெற்றோரும் கேட்கலாம், உறவினரும் கேட்கலாம். ஆணை வந்த 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன் விவரத்தைக் காப்பாளர் தாக்கல் செய்ய வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. யாராவது கேட்பார்கள் என்று இருந்தால்தான் நோட்டு ஒழுங்காக இருக்கும்.

எங்களுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. மகள் தலையில் கட்டுவதில்லை என்று மனைவி உறுதியாக இருக்கிறார், வளர்ந்து அவளாகக் கேட்டால் பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று என் சித்தப்பா மகனிடம் பேசினோம். பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே, அவன் மனைவியையும் உட்கார வைத்து, நிராமயாவிலிருந்து பிஸ்கட் உறை வரை சொன்னேன். "யோசித்துச் சொல்கிறோம் அண்ணா" என்றான். உடனே சரி என்று தலையாட்டியிருந்தால் பயந்திருப்பேன். போன வாரம் அவன் மனைவி போன் செய்து, பையன் எந்த அரிசி சாப்பிடுவான் என்று கேட்டாள். புழுங்கல், பொன்னி என்றேன்.